12 ஆண்டு அனுபவித்தால் அடுத்தவர் நிலம் நமக்கு ஹலாலாகுமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

"ஹஜ்ரத், பன்னிரண்டு வருஷம் நம்ம அனுபோகத்துல இருந்தா இடம் நமக்குத்தான்னு சொல்றாங்களே, அது உண்மையா?"

ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் ஒரு சகோதரர் கேட்ட கேள்வி இது. தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளம் பக்கம் உப்பளங்களை ஒட்டி அவருடைய குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பாட்டனார் வாங்கியது. அவர் வஃபாத்தான பிறகு வாப்பாவும், வாப்பாவுக்குப் பின் இவருமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்து வருகிறார்கள். வேலி போட்டதும் தீர்வை கட்டுவதும் இவர்கள்தான். பாட்டனாருக்கு ஒரு மகளும் உண்டு. அந்த மாமி கல்யாணமாகிக் கொழும்புக்குப் போய்விட்டார். பாகம் பிரிக்கப்படவே இல்லை. இப்போது நிலத்தை விலைக்குக் கேட்டு ஆள் வருகிறது. "மாமிட்ட கேட்கத் தேவையில்லை, 12 வருஷம் தாண்டிட்டு" என்று புரோக்கர் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு அன்று நான் சொன்ன சுருக்கமான பதில் இதுதான்: புரோக்கர் சொன்னது சட்டப்படியே தவறு. ஒருவேளை சட்டப்படி சரியாக இருந்திருந்தாலும் மார்க்கப்படி தவறு. இந்த நிலை நம்மில் பல குடும்பங்களில் இருப்பதால், அந்தப் பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நாட்டுச் சட்டம் சொல்வது என்ன?

அடுத்தவருக்கு உரிய நிலத்தை நீண்டகாலம் இடைவிடாமல் அனுபவித்து, அதன் மூலம் உரிமை பெறுவதை 'எதிரிடை அனுபவ பாத்தியம்' என்பார்கள். இந்தியாவில் இதற்கு அடிப்படை 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். 1964 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 65-ஆவது இனத்தின்படி, நிலத்தின் உரிமையாளர் தன் உரிமையை வைத்து அதை மீட்க 12 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். அனுபவிப்பவர் நிலத்தில் கால் வைத்த நாளிலிருந்து இந்த 12 ஆண்டு எண்ணப்படுவதில்லை. அவருடைய அனுபவம் உரிமையாளருக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்துதான் எண்ணப்படும். புரோக்கர்கள் விட்டுவிடும் பகுதி இதுதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். புரோநோட்டுக் கடனுக்கு மூன்றாண்டு கடந்துவிட்டால் வழக்குப் போட முடியாது. ஆனால் கடன் கடனாகவே நிற்கும். நிலம் அப்படியல்ல. அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு, காலம் கடந்தால் உரிமையாளரின் உரிமையே அற்றுப்போகும் என்கிறது. சாட்சிகள் மறைந்து, பத்திரங்கள் தொலைந்த பிறகு தலைமுறை தலைமுறையாக வழக்கு நீளக்கூடாது, நிலத்தின் உரிமை ஓரிடத்தில் நிலைக்க வேண்டும் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

ஆனாலும் நீதிமன்றங்கள் இதை எளிதில் ஏற்பதில்லை. கர்நாடக வக்ஃப் வாரியத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இதன் நிபந்தனைகளைத் தெளிவாக வகுத்தது. அனுபவம் வன்முறையால் வந்ததாக இருக்கக்கூடாது, மறைவானதாக இருக்கக்கூடாது, அனுமதியால் கிடைத்ததாகவும் இருக்கக்கூடாது. எந்த நாளில் நுழைந்தார், எப்படி அனுபவித்தார், அது உரிமையாளருக்குத் தெரியுமா, எத்தனை காலம் தடையின்றித் தொடர்ந்தது என்பதையெல்லாம் உரிமை கோருபவரே நிரூபிக்க வேண்டும்.

2008-இல் ஹேமாஜி வாகாஜி ஜாட் வழக்கில், அத்துமீறி நுழைந்தவருக்குப் பரிசும் உண்மையான உரிமையாளருக்குத் தண்டனையும் கொடுக்கும் இந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றமே கடுமையாக விமர்சித்து, மறுபரிசீலனை செய்யும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. ஆனால் 2019 ஆகஸ்டில் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, எதிரிடை அனுபவத்தைக் காட்டித் தற்காத்துக்கொள்வது மட்டுமல்ல, அதை வைத்து வாதியாக வழக்கும் தொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2023-இல் சட்ட ஆணையம் தன் 280-ஆவது அறிக்கையில் இந்தச் சட்டத்தில் மாற்றம் தேவையில்லை என்று பரிந்துரைத்தது. ஆகவே சட்டம் விமர்சனங்களுடன், அப்படியே நிற்கிறது.

எவையெல்லாம் எதிரிடை அனுபவம் ஆகாது?

வாடகைக்கோ குத்தகைக்கோ இருப்பவர், ஒத்திக்கு வாங்கியவர், காவலுக்கு வைக்கப்பட்டவர், 'சும்மா இருந்துக்கோ' என்று இடம் கொடுக்கப்பட்ட உறவினர் ஆகியோரின் அனுபவம் உரிமையாளரின் அனுமதியால் வந்தது. ஐம்பது ஆண்டு இருந்தாலும் அந்த அனுமதி நிலை மாறாதவரை அது எதிரிடை அனுபவம் ஆகாது.

பட்டா பெயர் மாறியிருப்பதும் தீர்வை ரசீதும் அனுபவத்துக்குச் சான்றாகலாம். அவை மட்டும் உரிமைப் பத்திரம் ஆகிவிடாது.

அரசு நிலமென்றால் 12 ஆண்டு போதாது. 30 ஆண்டு வேண்டும். 1908-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இது 60 ஆண்டாக இருந்தது. புறம்போக்கில் வீடு கட்டியவர்கள் 'பி மெமோ' ரசீதைப் பத்திரம்போலப் பாதுகாப்பதைப் பார்க்கிறோம். அது 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி ஆக்கிரமிப்பாளருக்குத் தரப்படுவது. 'இது உன் நிலம் அல்ல' என்று அரசு சொல்லிக்கொண்டிருப்பதற்கான சான்று அது.

அரசு மக்களிடம் இந்த வாதத்தை வைக்க முடியுமா? இமாச்சலப் பிரதேசத்தில் 1967-இல் ஒரு பெண்ணின் நிலத்தை முறைப்படி கையகப்படுத்தாமல் அரசு சாலைக்கு எடுத்துக்கொண்டது. பல்லாண்டுகள் கழித்து எதிரிடை அனுபவம் என்று வாதிட்டது. மக்கள்நல அரசு தன் குடிமக்களின் சொத்தின் மீது இப்படி உரிமை கொண்டாட முடியாது என்று 2020 ஜனவரியில் வித்யா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறி, இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

ஒரு நிலத்தை அனுபவிப்பதும் அதன் வழியே நடப்பதும் ஒன்றல்ல. உப்பளங்களுக்கு இடையே கடற்கரைக்கு நடந்து பழகிய பாதை போன்றவை 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் வரும். தனியார் நிலத்தில் 20 ஆண்டும், அரசு நிலத்தில் 30 ஆண்டும் தடையின்றி உரிமையோடு பயன்படுத்தினால் நடக்கும் உரிமை கிடைக்கும். மண்ணின் உரிமை கிடைக்காது.

கூடப் பிறந்தவளின் பங்கு

இப்போது அந்த மாமியின் பங்குக்கு வருவோம். வாரிசுகளில் ஒருவர் நிலத்தை வைத்திருந்தால், அவர் எல்லா வாரிசுகளுக்காகவும் வைத்திருப்பதாகவே சட்டம் கருதுகிறது. முஹம்மது பாக்கர் எதிர் நயீமுன்னிசா பீபி என்ற முஸ்லிம் குடும்ப வழக்கில் 1956-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 'உனக்கு இதில் பங்கில்லை' என்று மற்றவர் அறியும்படி வெளிப்படையாக மறுத்து, அவரை விலக்கிவைத்து, அதன் பிறகு 12 ஆண்டு கடந்திருந்தால்தான் எதிரிடை அனுபவம் என்ற பேச்சே எழும். தனியாகத் தீர்வை கட்டியதும் தனியாக வருமானத்தை எடுத்துக்கொண்டதும் மட்டும் அதற்குப் போதாது.

அந்தச் சகோதரரின் குடும்பத்தில் யாரும் மாமியிடம் 'பங்கில்லை' என்று சொன்னதே இல்லை. பெருநாளுக்குப் பெருநாள் அன்போடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே முப்பது ஆண்டு அல்ல, ஒரு நாள்கூட அவருக்கு எதிராக ஓடவில்லை. வேறு வாரிசுகள் இல்லையென்றால் பாட்டனாரின் சொத்தில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என மூன்றில் ஒரு பங்கு மாமிக்கு உரியது.

'வயலில் பெண்ணுக்குப் பங்கில்லை' என்ற பேச்சும் இன்னும் சில ஊர்களில் உண்டு. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மை. ஆனால் 1949-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த திருத்தத்தால் அந்த விலக்கு இங்கே நீங்கிவிட்டது. மார்க்கத்தில் அந்த விலக்கு ஒருபோதும் இருந்ததில்லை. கொஞ்சமோ அதிகமோ, பெற்றோர் விட்டுச்சென்றதில் ஆண்களுக்கும் பங்கு, பெண்களுக்கும் பங்கு என்பது அல்லாஹ் விதித்தது (அல்குர்ஆன் 4:7).

'ராத்தா வேண்டாம்னு சொல்லிட்டாங்க' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டப்படி அசையாச் சொத்தின் பங்கை விட்டுக்கொடுக்கப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் வேண்டும். மார்க்கப்படி மனப்பூர்வமான சம்மதம் வேண்டும். தன் பங்கு எவ்வளவு, அதன் மதிப்பு என்ன என்பதே தெரியாமல், தாய்வீட்டு உறவு அறுந்துபோகுமே என்ற பயத்திலோ நாலு பேர் முன்னால் கூச்சப்பட்டோ சொன்ன 'வேண்டாம்', சம்மதம் ஆகாது. வெட்கத்தை வாளாகக் காட்டிப் பறித்ததும் ஹராமே என்று நம் ஃபுகஹாக்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

மார்க்கத்தின் நிலை

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற கருத்திலான ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதை அறிவிப்பவர் ஸயீத் பின் ஸைத் (ரலி). அர்வா என்ற பெண், தன் நிலத்தில் ஒரு பகுதியை அவர் எடுத்துக்கொண்டதாக மர்வானிடம் முறையிட்டபோது, நபியவர்களிடம் இதைக் கேட்ட பிறகும் நான் எடுப்பேனா என்றுதான் அவர் பதில் சொன்னார். சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவருக்கு எல்லைத் தகராறில் கைகொடுத்தது பத்திரமோ அனுபவக் கணக்கோ அல்ல, இந்த அச்சம்தான்.

அடுத்தது உம்மு ஸலமா (ரலி) அறிவிப்பது. சாட்சிகள் இல்லாத பழைய வாரிசுச் சொத்து குறித்து இருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். நானும் மனிதன்தான், உங்களில் ஒருவர் வாதத்தில் வல்லவராக இருக்கலாம், நான் கேட்பதை வைத்துத் தீர்ப்பளிப்பேன், அப்படி உங்கள் சகோதரரின் உரிமையை உங்களுக்குத் தீர்ப்பளித்துவிட்டால், அது நெருப்பின் ஒரு துண்டு என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தார்கள். இருவரும் அழுதார்கள். என் உரிமையை இவருக்கே விட்டுவிடுகிறேன் என்றார்கள் இருவரும். நியாயமாகப் பங்கிட்டு, சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள்.

நபியவர்களின் தீர்ப்பே அடுத்தவர் உரிமையை ஹலாலாக்காது என்றால், 65-ஆவது இனம் எப்படி ஆக்கும்?

அப்படியானால் இஸ்லாமியச் சட்டத்தில் காலவரையறையே இல்லையா? உண்டு. உஸ்மானியர்கள் 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டத்தில், 15 ஆண்டு கடந்த சொத்து வழக்குகள் பொதுவாக விசாரிக்கப்பட மாட்டா. வக்ஃபின் மூலச் சொத்துக்கு 36 ஆண்டு. ஆனால் அதே மஜல்லாவின் 1674-ஆவது விதி, காலம் கடப்பதால் உரிமை அழிவதில்லை என்கிறது. பிரதிவாதி காழியின் முன்னால் 'இது அவருடையதுதான்' என்று ஒப்புக்கொண்டால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் வழக்கு ஏற்கப்படும். மாலிக்கி மத்ஹபில் பத்தாண்டு அனுபவத்துக்கு மதிப்புண்டு. உரிமையாளர் உள்ளூரிலேயே இருந்து, தடையேதும் இல்லாமல் பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்தார் என்றால், அனுபவிப்பவர் சொல்வதற்கு அது ஆதாரமாகிறது. உண்மை தெரிந்தவருக்கு அது ஹலாலாக்கும் வழி அல்ல. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலும் காலம் கடந்ததால் மட்டும் ஒருவரின் உடைமை இன்னொருவருக்கு மாறுவதில்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: ஷரீஅத்தில் காலம் நீதிமன்றத்தின் கதவை மூடலாம், உரிமையை அழிக்காது. இந்தியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு உரிமையையே அழிக்கிறது. சட்டம் கை கழுவிவிட்ட இடத்தில் நம் ஈமான்தான் காழியாக உட்கார வேண்டியிருக்கிறது.

'இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது சொந்தம் என்று ஹதீஸ் இருக்கிறதே' என்று சிலர் கேட்பார்கள். அது யாருக்கும் உரிமையில்லாத தரிசு நிலத்தைப் பற்றியது. அதே அறிவிப்பில், அநியாயமாக ஊன்றிய வேருக்கு உரிமையில்லை என்ற கருத்தும் சேர்ந்தே வருகிறது. உமர் (ரலி) அவர்கள், தரிசை வளைத்துப் போட்டுவிட்டு மூன்றாண்டு பண்படுத்தாதவரின் முன்னுரிமையை நீக்கினார்கள். அதுவும் தரிசுக்குத்தான், அடுத்தவரின் சொத்துக்கு அல்ல.

உப்பு விளையும் பூமியில் இருக்கும் நமக்குப் பொருத்தமான ஒரு செய்தியும் உண்டு. அப்யழ் பின் ஹம்மால் (ரலி) மஃரிபில் உள்ள உப்பு நிலத்தைக் கேட்டபோது நபி (ஸல்) கொடுத்தார்கள். அது வற்றாத நீர்போல எல்லாருக்கும் எளிதில் கிடைப்பது என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உழைத்துப் பாத்தி கட்டி விளைவிக்கும் உப்பளம் வேறு. ஊருக்கே பொதுவான இயற்கைச் செல்வம் வேறு. கடற்கரை, ஓடை, ஊர்ப்பாதை இவற்றை வளைப்பவர் ஒருவரின் உரிமையை அல்ல, ஊராரின் உரிமையை எடுக்கிறார்.

வக்ஃப் சொத்துகள்: இனி கவனம் தேவை

லாகூரில் 1722-இல் வக்ஃப் செய்யப்பட்ட ஷஹீத்கஞ்ச் பள்ளிவாசல் 1762 வாக்கிலிருந்து சீக்கியர் வசம் இருந்தது. 1935-இல் கட்டடம் இடிக்கப்பட்ட பிறகு வழக்குத் தொடரப்பட்டது. 1940-இல் லண்டன் பிரிவி கவுன்சில், காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடி செய்தது. ஒரு முறை வக்ஃப் என்றால் என்றும் வக்ஃப் என்பது மார்க்கம். ஆனால் அன்றைய காலவரையறைச் சட்டம் அதற்கு விலக்களிக்கவில்லை.

1995-ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டம் தன் 107-ஆவது பிரிவின் மூலம் அந்த விலக்கைத் தந்தது. வக்ஃப் நிலத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறை இல்லை என்றிருந்தது. 2025 ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், வக்ஃபின் அசையாச் சொத்துகளுக்கும் காலவரையறைச் சட்டம் பொருந்தும் என்று மாற்றிவிட்டது. 2025 செப்டம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு வேறு சில பிரிவுகளை நிறுத்திவைத்தபோதும், இதை நிறுத்திவைக்கவில்லை.

'வக்ஃப் நிலம்தானே, எங்கே போய்விடும்' என்று முத்தவல்லிகளும் ஜமாஅத்தும் இருந்த காலம் முடிந்துவிட்டது என்பதே இதன் பொருள். கபரஸ்தானின் ஓரத்தில் யாரோ போட்ட வேலியைப் பார்த்தும் பேசாமலிருப்பது இனி ஆபத்து. வக்ஃப் கடையில் நூறு ரூபாய் வாடகையையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கொழும்பிலும் சொத்துள்ளவர்களுக்கு

இலங்கையில் 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, தடையற்ற எதிரிடை அனுபவத்துக்குப் பத்தாண்டே போதும். ஆனால் பங்குதாரர்களுக்கு இடையே அங்கும் 1911-ஆம் ஆண்டு முதல் இதே நிலைதான். கொரேயா எதிர் அப்புஹாமி வழக்கில், பங்குதாரரை வெளிப்படையாக விலக்காதவரை ஒருவரின் அனுபவம் எல்லாருடையதுமே என்று பிரிவி கவுன்சில் கூறியது. போர்க்காலத்தில் நிலத்தை விட்டுப்போக நேர்ந்தவர்களுக்காக 2016-இல் வந்த சிறப்புச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தைக் கணக்கிலிருந்து கழித்தது. 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் நிலங்களை நினைத்தால் இதன் அவசியம் புரியும். சொந்த வழக்கில் இது பொருந்துமா என்பதை அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

உங்கள் நிலத்தில் அடுத்தவர் இருந்தால்:

• வாடகை, குத்தகை, காவல் எதுவானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். உறவினருக்கும் இது பொருந்தும்.

• உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் 12 ஆண்டுக் கணக்கு நிற்காது. ஊருக்கு வரும்போதெல்லாம் நிலத்தைப் போய்ப் பாருங்கள். வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்துச் சரிபாருங்கள்.

• வக்கீல் நோட்டீஸ் மட்டும் காலத்தை நிறுத்தாது. உரிய காலத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

• எதீம் பிள்ளைகளின் சொத்தில் 12 ஆண்டு அவர்களின் சிறுவயதிலேயே முடிந்துவிட்டால், 18 வயதுக்குப் பிறகு மூன்றாண்டு அவகாசம் உண்டு. பொறுப்பாளர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தவர் உரிமை உங்கள் கையில் இருந்தால்:

• ஜனாஸா முடிந்து, கடனும் வஸிய்யத்தும் நிறைவேறியதும் பாகத்தைப் பிரித்துவிடுங்கள். பிரிக்க முடியாவிட்டால் எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப்பட்டா வாங்குங்கள்.

• பங்குதாரர் வஃபாத்தாகியிருந்தால் அவருடைய வாரிசுகளைத் தேடிக் கொடுங்கள். இத்தனை காலம் எடுத்த வருமானத்தையும் கணக்குச் சொல்லி, கொடுங்கள் அல்லது மன்னிப்புக் கேளுங்கள்.

• விட்டுக்கொடுப்பதாகச் சொல்பவரிடம் முதலில் பங்கின் மதிப்பைச் சொல்லுங்கள். பிறகும் மனமுவந்து விட்டால் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பள்ளி, தர்கா, கபரஸ்தான் நிலங்களுக்கு:

• அளந்து, எல்லைக்கல் நட்டு, வக்ஃபின் பெயரில் பட்டாவும் பதிவும் இருக்கிறதா என்று ஜமாஅத் இந்த ஆண்டே பார்க்க வேண்டும். ஆக்கிரமிப்பு இருந்தால் அதன் தொடக்க நாளைக் குறித்து, வக்ஃப் வாரியத்துக்கு எழுதி, சட்ட ஆலோசனை பெற வேண்டும்.

அந்தச் சகோதரர் அன்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமிக்கு எழுபத்தஞ்சு வயசு ஆச்சு ஹஜ்ரத்" என்றார். அப்படியானால் நேரம் உங்களுக்குத்தான் குறைவு என்றேன். மாமி மன்னிக்க வேண்டியிருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. அடுத்த வாரம் பேசுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

மக்களின் பொருளை ஒருவருக்கொருவர் முறைகேடாக உண்ணாதீர்கள், அதற்காக அதிகாரிகளிடமும் செல்லாதீர்கள் என்ற அல்லாஹ்வின் எச்சரிக்கையை (அல்குர்ஆன் 2:188) நம் பத்திரப்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நினைவில் கொள்வோம். வல்ல ரஹ்மான் நம் சொத்துகளை ஹலாலாக்கி, அடுத்தவர் உரிமைகளை உலகிலேயே திருப்பிக் கொடுத்துவிடும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.